பெட்டியைப் பிரிக்காத கணவர்

கீழக்கரைப் பக்கத்திலிருந்து 43 வயதுச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். நோட்டிலிருந்து கிழித்த எட்டுத் தாள்கள், இரண்டு பக்கமும் எழுத்து. அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

திருமணமாகி 22 வருடம். கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதம் கணவர் துபாய் போனார். மளிகை மொத்தக் கடையில் ஸ்டோர் கீப்பர் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இரண்டு மாத லீவு. ஐந்து மாதத்துக்கு முன்னால் அங்கே ஆள் குறைத்தார்கள், கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். இப்போது அவருக்கு 51 வயது. மகள் கல்லூரி முடித்துவிட்டாள், சம்பந்தம் பேசுகிறார்கள். மகன் பன்னிரண்டாம் வகுப்பு. அந்தப் பக்கத்து வழக்கப்படி வீடு மனைவியின் தாய்வீடு, மனைவி பேரில் இருக்கிறது. மனைவியின் உம்மாவும் (அம்மாவும்) கூடவே இருக்கிறார்.

"மச்சான் வந்ததிலிருந்து வீடு வீடாக இல்லை" என்கிறார். கணவரைத்தான் மச்சான் என்கிறார். வெங்காயம் எத்தனை கிலோ என்று கேட்கிறார். ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால் சத்தம் போடுகிறார். "21 வருஷமா அனுப்பின காசெல்லாம் எங்கே?" என்று உம்மா காதுபடக் கேட்டிருக்கிறார். மஃரிப் (அந்தித் தொழுகை) தாண்டி வந்த மகனைக் கண்டித்தபோது அவன், "கேக்குறதுக்கு நீங்க யாரு?" என்று சொல்ல, கன்னத்தில் அடித்துவிட்டார். அதற்குப் பிறகு வாப்பாவும் மகனும் பேசுவதில்லை. ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் எறிந்திருக்கிறார். இரவு இரண்டு மணிக்கு எழுந்து முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறார். மாலையில் தொழுதுவிட்டு வீட்டுக்கு வராமல் பள்ளிவாசலை ஒட்டிய மையவாடி (அடக்கத்தலம்) பக்கம் நெடுநேரம் இருக்கிறார். கொண்டு வந்த பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து தினமும் இழுத்துச் சட்டை எடுத்துவிட்டு மறுபடி உள்ளே தள்ளுகிறார். "கூட்டிப் பெருக்கக்கூட வழியில்லை" என்பது கடிதத்தில் வரும் பல புகார்களில் ஒன்று.

கேள்விகள் நான்கு. "லீவு முடிந்து அவர் போகும்போதெல்லாம் அழுதவள் நான். இப்போது போனால் நிம்மதி என்று தோன்றுகிறது. நான் கெட்டவளா?" "அவருக்கு மனநோயா? உம்மா ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப் போகச் சொல்கிறார்." "கூட்டாளி ஒருவர் விசா தருகிறேன் என்கிறார். திரும்ப அனுப்பிவிடலாமா?" "என் காக்கா (அண்ணன்) பிரிந்து வந்துவிடு, வீடு உன்னுடையதுதானே என்கிறார். செய்யலாமா?"

அன்புச் சகோதரி,

முதலில் ஒரு கணக்குப் போடுவோம். 21 வருடத்தில் பத்து லீவு. கொரோனாவில் ஒன்று போயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள், ஆக ஒன்பது. ஒன்பது முறை அறுபது நாள் என்றால் 540 நாள். கல்யாணமான புதிதில் மூன்று மாதம், இப்போது ஐந்து மாதம். மொத்தம் 780 நாள். உங்கள் திருமணத்துக்கு வயது 22. நீங்கள் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்ததோ இரண்டு வருடமும் கொஞ்சமும். அந்த 540 நாளும் விருந்து நாட்கள். அவர் வந்தால் பிரியாணி, தொதல், சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் வருவது. சண்டை வந்தாலும், "இன்னும் பத்து நாள்தானே இருக்கிறார்" என்று விழுங்கியிருப்பீர்கள். அவரும் அப்படித்தான் விழுங்கியிருப்பார். மிச்ச வருடங்களில் போனிலோ போட்டிம் ஆப்பிலோ கால் மணி நேரம் பேசியிருப்பீர்கள். கால் மணி நேரத்துக்கு யாரும் நல்லவராகத்தான் இருப்போம்.

மற்றவர்கள் கல்யாணமான முதல் இரண்டு வருடத்தில் போட்டு முடிக்கிற சண்டையை நீங்கள் 43 வயதில், வளர்ந்த பிள்ளைகள் முன்னால், உம்மா காதுபடப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். சண்டை வருவது அதிசயமில்லை. உங்களுக்கு வெட்கமாக இருப்பதற்கு, அது நடக்கும் இடமும் வயதும்தான் காரணம்.

நிம்மதியாக இருக்கும் என்று தோன்றியதற்காக நீங்கள் கெட்டவராகிவிட மாட்டீர்கள். மார்க்கம் என்ன சொல்கிறது என்பதை நீங்கள் மதிக்கும் ஓர் ஆலிமிடம் கேளுங்கள், அது என் துறையில்லை. நான் ஆலோசகர், என் துறை சொல்வது இவ்வளவுதான்: மனதில் ஒன்று தோன்றுவதும் அதைச் செய்வதும் வேறு வேறு. 21 வருடம் ஒற்றை ஆளாகக் குடும்பத்தை ஓட்டியிருக்கிறீர்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ராத்திரி ஆட்டோ பிடித்தது நீங்கள், பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது நீங்கள், மேல்மாடி கட்டும்போது கொத்தனாரிடம் மல்லுக்கு நின்றது நீங்கள். அப்படி ஓட்டிய வீட்டில் ஒருவர் வந்து வெங்காயத்துக்குக் கணக்குக் கேட்டால் மூச்சு முட்டத்தான் செய்யும். அது கணவர் மீது வந்த வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கையிலிருந்த பொறுப்பை யாரோ பிடுங்கினால் வரும் பதற்றம் அது.

அமெரிக்காவில் பாலின் பாஸ் என்ற குடும்பநல ஆய்வாளர், வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களை 1970-களில் ஆராய்ந்தார். ஒருவர் வீட்டில் இல்லை, ஆனால் எல்லோர் மனதிலும் இருக்கிறார் என்றால், அந்த வீடு அவரை உள்ளே சேர்ப்பதா வெளியே வைப்பதா என்று தெரியாமல் தடுமாறும் என்று அவர் எழுதினார். சபுராளி வீடுகளை, அதாவது ஆண்கள் வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போன வீடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். விமானி திரும்பவில்லை, உங்கள் கணவர் திரும்பிவிட்டார், வித்தியாசம் பெரியது. ஆனால் அவர் இல்லாமல் வாழ வீடு 21 வருடமாகப் பழகியிருக்கிறது. யாரும் திட்டமிட்டுக் கதவைச் சாத்தவில்லை. அவருடைய இடத்தில் மற்றவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். வேறு வழியும் இருந்திருக்காது.

இப்போது அவர் பக்கம் வருகிறேன். கட்சி மாறிவிட்டேன் என்று நினைக்காதீர்கள்.

உங்கள் வீடு உங்கள் உம்மா வீடு. அவருடைய உம்மா வீடு அவர் தங்கச்சிக்குப் போய்விட்டது. அதற்கு மாடி எடுத்ததும் அவர் காசில்தான் என்று நீங்களே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ஆக, இரண்டு வீட்டுக்குப் பணம் அனுப்பிய மனிதர் ஊர் திரும்பியதும், தன் வீடு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுகூட இல்லை. மாப்பிள்ளை பெண் வீட்டில் இருப்பது உங்கள் ஊரில் மரியாதைக் குறைவில்லை, எனக்குத் தெரியும். பெண்ணுக்கு அந்த வழக்கம் தரும் பாதுகாப்பை மற்ற ஊர்ப் பெண்களைப் பார்க்கும்போது நான் பொறாமையோடு நினைப்பதுண்டு. ஆனால் லீவில் வரும் மாப்பிள்ளைக்காக அமைந்த உபசாரம், நிரந்தரமாக வந்துவிட்டவருக்குப் பொருந்தாது. தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் கேட்பதைக் கவனித்திருப்பீர்கள்: "எப்ப வந்தீங்க? எப்பப் போறீங்க?" இத்தனை வருடமாக அன்பாகக் கேட்ட கேள்விதான். இப்போது அவருக்கு அது எப்படிக் கேட்கும்?

மீன் விஷயம் ஒன்று எழுதியிருந்தீர்கள். வந்த இரண்டாவது வாரம், தானே போய் வாங்கி வருகிறேன் என்று கிளம்பி, சொன்ன விலையைக் கொடுத்து ஒரு பெரிய சீலாவைத் தூக்கி வந்தார். வீடே சிரித்தது. "துபாய்க்காரர்னு தலையில கட்டிட்டான்" என்று உம்மா சொன்னார், மகளும் சிரித்தாள். அதற்குப் பிறகு அவர் மார்க்கெட் பக்கமே போகவில்லை. நீங்கள் இதை வேடிக்கையாக எழுதியிருக்கிறீர்கள். நான் இரண்டு முறை படித்தேன். அடுத்த வாரம்தான் வெங்காயக் கணக்குத் தொடங்குகிறது. செய்ய ஒரு வேலை தேடியவருக்கு அது கிடைக்கவில்லை. மேற்பார்வை பார்க்கிற வேலை மட்டும் மிஞ்சியது. அங்கே ஸ்டோரில் அவர் செய்ததும் சரக்கு எண்ணுகிற வேலைதானே.

"காசெல்லாம் எங்கே" என்ற கேள்வியை நீங்கள் திருட்டுப் பட்டமாக எடுத்துக்கொண்டீர்கள். அது கேட்ட விதம் தப்பு, அதிலும் உம்மா முன்னால் கேட்டது பெரிய தப்பு. ஆனால் அந்தக் கேள்விக்குள் வேறொன்று இருக்கலாம் என்று நினைக்கிறேன். 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்ற பழமொழிக்குச் சொந்தமான ஊர் உங்களுடையது. கொடுப்பதை வைத்து ஆணை அளக்கிற கரை. 21 வருடம் மாதாமாதம் கொடுத்தவர் திடீரென்று கொடுக்க முடியாமல் நிற்கிறார். தன் வாழ்க்கை எங்கே போயிற்று என்று கேட்கத் தெரியாத மனிதர் காசு எங்கே போயிற்று என்று கேட்கலாம். என் அறைக்கு வரும் ஆண்களில் பலர் துக்கம் என்ற சொல்லையே பயன்படுத்த மாட்டார்கள். கேஸ் டிரபிள், கழுத்து வலி, கோபம் வருது டாக்டர் என்பார்கள். நான் டாக்டர் இல்லை, ஆலோசகர் என்று முதல் ஐந்து நிமிடம் விளக்க வேண்டியிருக்கும், அது வேறு கதை.

இது நோயா?

கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் சூட்ட முடியாது, சூட்டவும் கூடாது. ஆனால் பார்க்க வேண்டிய அடையாளங்களைச் சொல்லலாம். மனச்சோர்வு நோய் என்றால் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்கு மேல், நாளின் பெரும்பகுதி, மனம் கனத்துக் கிடக்கும், அல்லது பிடித்த எதிலும் நாட்டம் இருக்காது. கூடவே தூக்கம் கெடும், பசி மாறும், உடம்பு ஓய்ந்து போகும், தன்னைத்தானே குறை சொல்லத் தோன்றும், கவனம் நிற்காது. ஆண்களிடம் இது அழுகையாக வராமல் எரிச்சலாக வருவது உண்டு. உங்கள் கணவருக்குத் தூக்கம் கெட்டிருக்கிறது, எரிச்சல் இருக்கிறது. மற்றவை பற்றி நீங்கள் எழுதவில்லை.

ஐந்தாம் தாளின் பின்பக்கத்தில் ஒரே ஒரு வரி போகிற போக்கில் இருக்கிறது. "அங்கேயே மவுத்தாகியிருக்கலாம்" (செத்திருக்கலாம்) என்று அவர் இரண்டு தடவை சொன்னதாக. நீங்கள் அதைக் கோபத்தில் சொன்னது என்று ஒதுக்கிவிட்டீர்கள். அப்படியே இருக்கலாம். ஆனால் இந்தக் கடிதத்தில் நான் முதலில் பதில் சொல்ல விரும்பிய வரி அதுதான். தனியாக இருக்கும்போது நேராகக் கேளுங்கள்: "அன்னைக்கு அப்படிச் சொன்னீங்களே, உயிரை விட்டுரலாம்னு தோணுதா?" கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பயம் வரும். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. உள்ளே இருந்தால் வெளியே வரும், பாரம் இறங்கும். ஆமாம் என்றால், அதிலும் எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருந்தால், அவரைத் தனியாக விடாதீர்கள். மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் கைக்கெட்டாத இடத்துக்கு மாற்றுங்கள், அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். 14416 என்ற எண்ணில் டெலி மனஸ் சேவை இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். அவர் பேச மறுத்தால் நீங்கள் பேசி என்ன செய்வது என்று கேட்கலாம்.

அடுத்தது, உடம்பு. எட்டு வருடமாகச் சர்க்கரை, அங்கே வாங்கிய மாத்திரை தீர்ந்து இரண்டு மாதமாகிறது, இங்கே இன்னும் பரிசோதிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சர்க்கரை கூடினால் இரவில் அடிக்கடி சிறுநீர் போக எழுவார்கள், பகலில் சோர்ந்து கிடப்பார்கள், எரிந்து விழுவார்கள். மனசு, மனசு என்று நாம் அலசிக்கொண்டிருக்கும்போது ரத்தத்தில் முன்னூறு இருந்தால் என்ன செய்வது? முதல் வேலை ரத்தப் பரிசோதனை. தைராய்டும் ரத்த அழுத்தமும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். "சர்க்கரை டாக்டரைப் பார்ப்போம்" என்றால் அவர் வருவார். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால், தேவைப்படும்போது அதே வளாகத்தில் மனநல மருத்துவரையும் பார்க்கலாம். மகள் சம்பந்தத்துக்கு இடைஞ்சலாகுமோ என்ற பயம் வேண்டாம். நோயாளியின் விவரத்தை மருத்துவமனை வெளியே சொல்லக்கூடாது என்பதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே உரிமையாகச் சொல்கிறது.

ஏர்வாடி பற்றி. நம் மாவட்டத்தில் யாருக்கு மனசு சரியில்லை என்றாலும் உடனே நாக்கில் வரும் ஊர்ப்பெயர் அது. கேலிக்கும் அதே பெயர்தான். தர்காவுக்குப் போய் துஆ கேட்பதில் உங்கள் உம்மாவுக்கு ஆறுதல் என்றால் போய்வாருங்கள், நான் தடுக்கவில்லை. அவரும் விருப்பத்தோடு வரவேண்டும், அவ்வளவுதான். ஆனால் அங்கே தங்கவைத்துவிட்டு வருவது, மருந்துக்குப் பதிலாக அதையே நம்பியிருப்பது, இரண்டும் வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்ததை நம் மாவட்டத்தில் யார் மறக்க முடியும்? இன்று மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதே சட்டப்படி தடை. தூக்கமில்லாமல் முற்றத்தில் உட்கார்ந்திருக்கும் கணவரைப் பற்றி அந்தத் திசையில் யோசிக்கவே வேண்டியதில்லை.

மையவாடி பற்றியும் கேட்க வேண்டும். "வீட்டுக்கு வரவே மனமில்லை" என்று நீங்கள் பொருள் கொண்டிருக்கிறீர்கள். 2020-இல் அவருடைய வாப்பா மவுத்தானபோது விமானம் இல்லை, அடக்கத்தை போனில் பார்த்தார் என்று முதல் தாளில் எழுதியிருக்கிறீர்கள். அவர் வாப்பா அங்கேதானே இருக்கிறார்? தோள் கொடுக்க முடியாமல் போன மகனுடைய துக்கம் ஐந்து வருடம் கழித்துத்தான் ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறதோ என்னவோ. நான் ஊகிக்கிறேன். நீங்கள் கேட்டுப் பார்க்கலாம்.

உங்களையும் விட்டுவிடக்கூடாது. இரவில் திடீரென்று உடம்பு கொதிக்கிறது, மாதவிலக்கு முன்னே பின்னே வருகிறது, சின்ன விஷயத்துக்கும் கண் கலங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய சில வருடங்களில் இப்படி வருவது உண்டு, 43 வயதில் தொடங்கலாம். அவர் ரத்தப் பரிசோதனைக்குப் போகும் அதே நாளில் நீங்களும் பெண் மருத்துவரைப் பாருங்கள். ஒரே வீட்டில் இரண்டு பேரும் தூங்காமல் இருந்தால் எந்தப் பேச்சும் உருப்படாது.

திரும்ப அனுப்பலாமா, பிரியலாமா?

விசா வந்தால் போகலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர். நீங்கள் அனுப்பி அவர் போவதாக இருக்கக் கூடாது. 51 வயதில், சர்க்கரையோடு, மறுபடி ஆறு பேர் அறையில் ஒரு பெட் ஸ்பேஸ். போனால் வீடு அமைதியாகும், உண்மை. இன்னும் நான்கைந்து வருடம் கழித்து இதே மனிதர் இன்னும் வயதாகி இதே வாசலில் வந்து இறங்குவார். அப்போது மகளும் மகனும் அவரவர் வாழ்க்கைக்குப் போயிருப்பார்கள். வேலை கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறீர்கள், பாதி சரி. காலையில் குளித்துக் கிளம்ப ஓர் இடம் இருந்தால் எந்த மனிதருக்கும் நல்லது. அதற்கு உள்ளூரில், பழைய கூட்டாளி கடையில் அரை நாள் கணக்குப் பார்க்கிற வேலைகூடப் போதும். சேமிப்பை மொத்தமாகக் கொட்டிச் சொந்தக் கடை போடுவதை மட்டும் இந்த வருடம் செய்ய வேண்டாம் என்பேன். தூக்கமில்லாத மனிதர் பெரிய முதலீட்டு முடிவு எடுக்கக்கூடாது.

பிரிவது பற்றி: அது உங்கள் உரிமை. மனைவி கேட்டுப் பெறும் மணவிலக்கான குலா உண்டு. 1939-ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டமும் உண்டு. நுணுக்கங்களை வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். வீடு உங்கள் பேரில் இருப்பது பெரிய பலம், அதை யாருக்கும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். ஆனால் உங்கள் காக்காவிடம் ஒன்று சொல்லுங்கள்: ஐந்தாவது மாதத்தில் இதை முடிவு செய்ய மாட்டேன் என்று. உடம்பைப் பார்த்து, பேசிப் பார்த்து, ஆறேழு மாதம் போன பிறகும் மூச்சு முட்டினால் அப்போது யோசிக்கலாம். நடுவில் இன்னொரு வழியும் இருக்கிறது, பக்கத்துத் தெருவில் வாடகைக்குத் தனிக்குடித்தனம். உம்மாவை விட்டுப் போவதா என்று தோன்றும். பகலில் உம்மா வீடு, இரவில் உங்கள் வீடு என்று சில மாதம் இருந்து பார்த்த குடும்பங்களை எனக்குத் தெரியும். இருவரும் முதல் முறையாகத் தனியாகச் சண்டை போட்டுத் தனியாகச் சமாதானமானார்கள்.

எங்கே கோடு போட வேண்டும்

தட்டை எறிந்ததையும் மகனை அடித்ததையும் புரிந்துகொள்ளலாம், ஏற்றுக்கொள்ள முடியாது. அவர் துக்கம் அவருடைய கைக்கு அனுமதிச் சீட்டு இல்லை. கோபம் இல்லாத நேரத்தில் ஒரே முறை தெளிவாகச் சொல்லுங்கள்: "எதைப் பத்தியும் பேசலாம், கை நீட்டக் கூடாது, பொருளை எறியக் கூடாது. நடந்தா நானும் பிள்ளைகளும் காக்கா வீட்டுக்குப் போயிருவோம்." சொன்னால் செய்ய வேண்டும். உங்கள் மேல் கை விழுந்தால், அல்லது பயத்திலேயே நாள் ஓடுகிறது என்றால், இந்தக் கடிதத்தில் நான் சொன்ன பொறுமை எதுவும் பொருந்தாது. 181 மகளிர் உதவி எண்ணை அழைக்கலாம். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கேட்கலாம். போனில் யாரிடம் பேசுகிறாய் என்று அவர் ஒரு முறை கேட்டதைச் சந்தேகம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு முறை கேட்டால் அது கேள்வி. தினமும் போனைப் பிடுங்கிப் பார்த்தால் அது வேறு.

மகன் விஷயத்தில் உங்களிடம் ஒரு வேண்டுகோள்: தூது போவதை நிறுத்துங்கள். "வாப்பா சாப்பிடக் கூப்பிடுறாங்கன்னு சொல்லு", "அவன்ட்ட சொல்லு" என்று இருபக்கமும் நீங்கள் ஓடும்வரை அவர்கள் பேச வேண்டிய தேவையே இல்லை. 17 வயதுப் பையனுக்கு வாப்பா என்றால் இதுவரை ஒரு குரல், ஒரு பார்சல். அந்தக் குரல் இப்போது ஆளாக வந்து நிற்கிறது. அறிவுரையில் தொடங்கினால் உடையும், வேலையில் தொடங்கினால் கூடும். கணவருக்கு இன்னும் ஜிபே சரியாக வரவில்லை என்றீர்களே, அதை மகன் சொல்லிக்கொடுக்கட்டும். அடித்ததற்கு வாப்பா வருத்தம் சொல்வதும் நல்லது. பெரியவர் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்பது நம் பக்கத்துப் பயம். போகாது, நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அதை அவரிடம் நீங்கள் வற்புறுத்திக் கேட்டு வாங்க வேண்டாம்.

எப்படிப் பேசத் தொடங்குவது

ஜான் காட்மன் என்ற உளவியலாளர் தன் சக ஆய்வாளரோடு சேர்ந்து புதுமணத் தம்பதிகளின் வாக்குவாதங்களைப் பதிவு செய்து பார்த்து, 1999-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். முதல் மூன்று நிமிடம் பேச்சு எப்படித் தொடங்குகிறது என்பதை வைத்தே அந்தத் திருமணம் நிற்குமா என்று பெரிய அளவுக்குக் கணிக்க முடிந்தது. நீங்களும் ஒரு வகையில் புதுமணத் தம்பதிதான் என்பதால் சொல்கிறேன். "நீங்க வந்ததிலிருந்து வீடு வீடா இல்லை" என்று தொடங்கினால் அவருக்குக் கேட்பது "நீங்க எதுக்கு வந்தீங்க" என்பது மட்டும்தான். அதே விஷயத்தை இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "நேத்து உம்மா முன்னால காசைப் பத்திக் கேட்டப்ப எனக்குக் கூசிப்போச்சு. கணக்குப் பாக்கணும்னா வெள்ளிக்கிழமை அசர் தொழுதுட்டு நாம ரெண்டு பேரும் மாடியில உக்காருவோம்."

அந்த வெள்ளிக்கிழமை ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அவர் அனுப்பிய பணம் என்னென்ன ஆனது என்று ஒரு பக்கம் எழுதுங்கள்: மேல்மாடி, தங்கச்சி கல்யாணம், மகள் கல்லூரி, உங்கள் வாப்பாவின் ஆபரேஷன். குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவர் போல ஒப்பிக்காதீர்கள். கூட்டிப்போய்க் காட்டுங்கள், மாடிச் சுவரைத் தொட்டுக் காட்டுங்கள். எதிர்ப்பக்கத்தில் அந்தந்த வருடம் நீங்கள் செய்ததை எழுதுங்கள். ஆபரேஷன் அன்று மருத்துவமனையில் யார் கையெழுத்துப் போட்டது, எத்தனை நாள் வராண்டாவில் படுத்தது. அவர் பக்கத்தை நீங்கள் பார்த்தது போல உங்கள் பக்கத்தை அவர் பார்த்ததே இல்லை. இத்தனை வருடமும் "இங்கே எல்லாம் நல்லா இருக்கு" என்றுதானே போனில் சொன்னீர்கள்? அவரும் அங்கிருந்து அதையே சொன்னார்.

உம்மாவிடமும் ஒன்று சொல்லி வையுங்கள், மருமகன் எப்பப் போறார் என்று இனி யாரும் கேட்க வேண்டாம் என்று. அப்புறம் சனிக்கிழமை மீன் அவர் பொறுப்பு. விலை கூட்டிக் கொடுத்தாலும், சீலா கேட்டால் பாறை வாங்கி வந்தாலும், வந்த மீனை ஆக்குங்கள்.

கடைசியாகப் பெட்டி. பெட் ஸ்பேஸில் ஒருவருக்குச் சொந்தம் என்றால் ஒரு கட்டில், அதற்குக் கீழே ஒரு பெட்டி, அவ்வளவுதான். 21 வருடம் அப்படி இருந்த பழக்கம் என்று ஒரு பாதி. இன்னொரு பாதிக்கு உங்களிடம் ஒரு கேள்வி: உங்கள் அறை அலமாரியில் எந்தத் தட்டு காலியாக இருக்கிறது? மேல் தட்டில் உங்கள் சேலைகள், நடுவில் மகளுக்குச் சேர்த்த துணிகள், கீழே உம்மாவின் போர்வைகள் என்றுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். நடுத்தட்டைக் காலி செய்யுங்கள். அவர் துணியை நீங்களே எடுத்து அடுக்கிவிடாதீர்கள், பெட்டியைத் தொடவும் வேண்டாம். "இது உங்களுக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு விடுங்கள். ஒரு வாரம் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். கட்டிலுக்கு அடியில் பெருக்குவது அதுவரை காத்திருக்கட்டும்.

இந்த வாரமே ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். அந்த "மவுத்து" வரியைப் பற்றி இன்றைக்கே அவரிடம் கேளுங்கள். பதில் என்னவென்று எனக்கு எழுதுங்கள். இந்த முறை எட்டுத் தாள் வேண்டாம், இரண்டு வரி போதும்.